எடுத்துக்கோ என்று சொன்னவர்கள்

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் 'வலிக்காத மாமா' என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருப்பதோடு சரி. இரத்தம் எடுக்கிற அறைதான் அவர் வேலை செய்யும் இடம். ஊசியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டிவிடுகிற குழந்தைகள்கூட அவரிடம் கையைக் கொடுத்துவிடும். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. முதலில் தன் உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அப்புறம் குழந்தையின் முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி ஏதாவது கதை பேசுவார். நரம்பைக் கண்ணால் தேடினால் ஓடி ஒளிந்துகொள்ளும், விரலால் தேடினால் தானே எழுந்து வரும் என்பது அவர் கணக்கு. வலிக்காது என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லமாட்டார். கொஞ்சம் வலிக்கும், சொல்லிவிட்டுத்தான் குத்துவேன் என்பார். சொன்ன மாதிரியே சொல்லிவிட்டுக் குத்துவார். அதனாலேயே அந்தப் பெயர் வந்தது போலிருக்கிறது.

நான் அவரைக் கட்டிக்கொண்டதும் அந்த ஊசியால்தான். துணிக்கடையில் வேலைக்குச் சேர உடம்புப் பரிசோதனை வேண்டும் என்றார்கள். போனேன். குழாயில் இரத்தம் ஏறுவதைப் பார்த்ததும் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன். கண் விழித்தால் ஒருத்தர் என் செருப்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விழும்போது அது பறந்து போய்க் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் விழுந்ததாம். இத்தனூண்டு எடுத்ததற்கே இப்படியா என்று சிரித்தார். எனக்கு வந்ததே கோபம். முடிவு வாங்கப் போகிற அன்றைக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று போனேன். கேட்டேன். அது கல்யாணத்தில் போய் முடிந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்தத் துணிக்கடையில்தான் இன்றுவரை இருக்கிறேன். வாங்கின பேண்டை ஆளுக்குத் தகுந்தபடி நீளம் குறைத்துத் தருகிற வேலை. நான் குனிந்து மடிப்பில் குண்டூசி குத்துவதைப் பார்த்துவிட்டு, நாம ரெண்டு பேரும் ஊசியிலதான் சாப்பிடறோம் என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். ரொம்ப வருஷம் அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தச் சிரிப்பு நின்ற நாளைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் பிரிவில் நெடுநாளாகப் படுத்திருந்த ஒரு சின்னப் பெண். குத்திக் குத்தி அவள் கை முழுக்க நீலம். இவர் போய் உட்கார்ந்து வழக்கம்போலச் சொல்லிவிட்டுக் குத்தினார். நரம்பு கிடைக்கவில்லை. மறுபடி குத்தினார். இன்னொரு கையில் குத்தினார். அந்தப் பெண் அழவே இல்லையாம். இவரையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அம்மாக்காரிதான், 'விடுங்க, வேற யாரையாவது கூப்பிடுங்க' என்று சொல்லியிருக்கிறாள். சத்தம்கூடப் போடவில்லை. வேறொருத்தி வந்து எடுத்துவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கிறதுதான். ஆனால் மறுநாள் ஊசியை எடுத்ததும் இவர் கை நடுங்கியது. அதற்கு மறுநாளும் நடுங்கியது.

நரம்பு டாக்டர் தலைகீழாக நிறுத்தி வைத்துச் சோதிக்காத குறைதான். நரம்பில் ஒன்றுமில்லை, மனசில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது, மேல்மாடியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார், போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார். எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது என்று இவர் வந்துவிட்டார். தலைமை சிஸ்டர் நல்ல மனுஷி. கை சரியாகிற வரைக்கும் என்று சொல்லி, இரத்தக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுகிற மேசையில் அவரை உட்கார வைத்தார். வலிக்காத மாமா சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். வார்டிலிருந்து பிள்ளைகள் மாமா எங்கே என்று கேட்டால், லீவு என்று சொல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாராம்.

வீட்டில் பேச்சே இல்லாமல் போனது. அப்போதுதான் என் தம்பி அவரைக் கோல்ஃப் விளையாடக் கூட்டிப் போனான். கோல்ஃப் என்றதும் வெள்ளைக் கையுறை போட்ட பணக்காரர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் டிப்போவுக்குப் பின்னால், பழைய குப்பை மேட்டை மண் போட்டு மூடிப் புல் வளர்த்த நகராட்சி மைதானம். ஒன்பது குழி. வெயில் காலத்தில் புல்லைவிட மண்தான் அதிகம். என் தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அவனோடு விளையாடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்து, சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் வலது காலை அழுத்திக்கொண்டே இருப்பார். அதனால் 'பிரேக்' என்றே கூப்பிடுவார்கள். இன்னொருத்தர் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். எல்லாரிடமும் இருப்பது இரண்டாம் கை மட்டைகள்.

அவர்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. காசு கிடையாது. ஒரு குழிக்கு ஒரு பந்து. குறைந்த அடியில் பந்தைக் குழியில் போட்டு அந்தக் குழியை ஜெயித்தவனுக்கு மற்றவர்கள் தங்கள் பையிலிருந்து ஆளுக்கு ஒரு பந்து கொடுக்க வேண்டும். கடைசியில் யாரிடம் பந்து குறைவாக இருக்கிறதோ அவன் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, கேன்டீனில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். தலை நரைத்தவர்கள் செய்கிற வேலையா இது என்று நான் கேட்டதற்கு, பந்தயம் இல்லாவிட்டால் அது விளையாட்டே இல்லை, நடைப் பயிற்சி என்று தம்பி சொன்னான்.

இவர் தொடர்ந்து தோற்றார். தூரத்து அடியெல்லாம் நன்றாகவே போனதாம். அதற்கு உடம்பு முழுக்கச் சுழல வேண்டும், கை தனியாக உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. வினை கடைசித் தட்டில் இருந்தது. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகு, அதைச் சின்ன மட்டையால் மெல்லத் தட்டி உள்ளே விழ வைக்க வேண்டும். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊசி ஏற்றுகிற அதே நேரம்தான் அது. அங்கே வந்ததும் கை நடுங்கிவிடும். வாரா வாரம் சனிக்கிழமை காலையில் சட்டையைச் சரியாகப் போட்டுக்கொண்டு போகிறவர், மத்தியானம் தையல் பிரி எல்லாம் வெளியே தெரியத் திரும்பி வருவார். அதை மாற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே படுத்துக்கொள்வார். தம்பியைக் கூப்பிட்டு, நீ அவரைத் தேற்றக் கூட்டிப் போனாயா கொல்லக் கூட்டிப் போனாயா என்று கிழித்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை சட்டை நேராக இருந்தது. பேண்ட் பாக்கெட் இரண்டும் புடைத்திருந்தன. மேசைமேல் பந்துகளைக் கொட்டிவிட்டு, 'பார்த்தியா?' என்றார். முகத்தில் எத்தனையோ நாள் கழித்துச் சிரிப்பு. அடுத்த வாரமும் ஜெயித்தார். அதற்கடுத்த வாரம் வாத்தியார் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டதை நடித்தே காட்டினார். தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார், என்னோடு சண்டைகூடப் போட்டார். பந்தைத் திணித்துத் திணித்துப் பாக்கெட் தையல் விட்டுப்போகிறது என்று நான் கத்தினேனே தவிர, உள்ளுக்குள் தலைகால் புரியாத சந்தோஷம். மேல்மாடி டாக்டர் என்கிற நினைப்பே அத்தோடு நின்றுபோனது. 'டாக்டர் எதுக்கு? எனக்குக் கை வந்துடுச்சு' என்றார்.

வந்துவிட்டதை அவர் தலைமை சிஸ்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டார். நிச்சயமாகத்தானா என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். கோல்ஃப் மைதானத்தில் வந்து பாருங்கள் என்று இவர் மார்தட்டியிருக்கிறார். திங்கட்கிழமை முதல் மறுபடியும் இரத்தம் எடுக்கிற வேலை, அதுவும் குழந்தைகள் பிரிவில் என்று முடிவாயிற்று. விளையாட்டுக் கூட்டாளிகளிடம் அதை அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை என்னையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். என் முன்னால் ஜெயித்துவிட்டு அங்கேயே சொல்ல வேண்டும் என்று ஆசை. கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் குழியில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. இவர் அடித்த பந்து உயரப் போய்க் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்லில் விழுந்து உருண்டு நின்றது. நான் கைதட்டிவிட்டேன். பிரேக் என்னைப் பார்த்து, 'தங்கச்சி, இங்கே கைதட்டக்கூடாது' என்றார். பக்கத்தில் போனோம். இவர் சின்ன மட்டையை எடுக்கிறதுக்குள் மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே குரலில் 'எடுத்துக்கோ' என்றார்கள். இவரும் குனிந்து பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். குழியை ஜெயித்துவிட்டாராம்.

அது என்ன எடுத்துக்கோ என்று தம்பியைத் தனியே கேட்டேன். பந்து குழியின் வாசலிலேயே வந்து நின்றுவிட்டால், எப்படியும் விழத்தான் போகிறது என்று எதிராளிகள் அந்தக் கடைசித் தட்டை மன்னித்துவிடுவார்களாம். விழுந்த மாதிரியே கணக்கு. நண்பர்களுக்குள் அது ஒரு மரியாதை என்றான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

நான் நாள் முழுக்க அளவு பார்க்கிறவள். பிரேக்கின் பந்து குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றபோது மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவரே தட்டிப் போட்டார். வாத்தியாருக்கும் அப்படித்தான். இவருடைய பந்து ஒரு முழம் தள்ளி நின்றாலும் எடுத்துக்கோ. ஒரு துடைப்பக்கட்டை நீளம் தள்ளி நின்றாலும் எடுத்துக்கோ. குழிக்குக் குழி இதே கதை. இவர் சின்ன மட்டையைப் பையிலிருந்து உருவவே இல்லை. இவருக்குத் தெரியவில்லையா என்று பார்த்தேன். தெரியவில்லை. பக்கத்துல கொண்டு வந்து வெச்சுடறேன், பாவம், அவங்களும் என்ன பண்ணுவாங்க என்று என்னிடம் பெருமை பேசிக்கொண்டு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு ஒரு சாணும் ஒரு முழமும் ஒன்றாகத்தான் தெரியும்.

கடைசிக் குழி. பந்து குழியிலிருந்து ஒரு கை நீட்டும் தூரத்தில் நின்றது. பிரேக் வாயைத் திறந்தார். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த ஒண்ணுக்கு யாரும் எடுத்துக்கோன்னு சொல்லக்கூடாது. இவ பார்க்கட்டும். நாளன்னிக்கு இதே கைதான் ஊசி பிடிக்கப் போகுது."

தம்பி, "எந்த ஊசி?" என்றான்.

"திங்கக்கிழமைலேருந்து குழந்தைங்க வார்டு. ஜெயிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. காற்று ஒரு மாதிரி அடிக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாமே என்றார் பிரேக். ஒரு புல்லும் அசையவில்லை. வாத்தியார், எனக்கு முட்டி வலிக்கிறது, சீக்கிரம் போகலாம் என்றார். இவர் சிரித்துக்கொண்டே சின்ன மட்டையை உருவினார். உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். குனிந்து நின்றார்.

மட்டையின் தலை தரையில் டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்துவதற்காக மூச்சைப் பிடித்தார். தட்டினார். பந்து குழியைத் தாண்டி ஓடியது. ஆள் பார்க்கிறார்கள் இல்லையா, அதான் என்று சிரித்தார். அந்தப் பக்கம் போய் மறுபடி தட்டினார். இந்தத் தடவை பாதியில் நின்றுவிட்டது. மறுபடியும் தட்டினார். பின்னால் அடுத்த கோஷ்டி வந்து மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தது. அவர்களும் பார்த்தார்கள். குழந்தைகூடக் காலால் தள்ளிவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் பந்து. இவர் கை ஆடிய ஆட்டத்தில் மட்டை பந்தின் மேல் உரசிவிட்டுப் போயிற்று. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கட்டின மனுஷனைப் பார்க்க எனக்குக் கூசியது. அப்படிக் கூசியதே என்று அதற்கும் சேர்த்துக் கூசியது.

அவர் நிமிர்ந்து, ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். யாரும் பார்வையைக் கொடுக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றார்.

வாத்தியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீங்க முதல்ல ஜெயிச்ச அன்னிலேருந்து."

இவர் பந்தை எடுத்துக்கொண்டார். பாக்கெட்டில் இருந்த மற்றப் பந்துகளையும் எடுத்து அந்தப் புல்லிலேயே ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு கேன்டீன் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போவதற்குள் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, நடு மேசையில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் மாமா என்று தம்பி கையைப் பிடித்தான். தோற்றது நான்தானே என்று கையை விடுவித்துக்கொண்டார். பொத்தானைச் சரியாகப் போட வரவில்லை. நான் போய்ப் போட்டுவிட்டேன். அக்கம்பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவர்களுக்கு அது வழக்கமான வேடிக்கை. நாங்கள் நாலு பேரும் குற்றவாளிகள் மாதிரி சுற்றி உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு டிரைவிங் ஸ்கூல் காரில் வந்தோம். வழி நெடுக பிரேக் தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார்.

நான் நினைத்தேன், இத்தோடு திங்கட்கிழமைப் பேச்சு முடிந்தது என்று. இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னங்க இது என்றேன். போய்த்தான் ஆக வேண்டும் என்றார். நடுங்குகிற கையை வைத்துக்கொண்டா என்றேன். அங்கே போய் நின்றால் தானாக நின்றுவிடும் என்றார். நான் விடவில்லை. சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று சண்டை பிடித்தேன். கடைசியில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"மைதானத்துல வந்து பாருங்கன்னு மார்தட்டிட்டு வந்திருக்கேன். இப்பப் போய் எல்லாரும் எனக்கு விட்டுக்கொடுத்தாங்க, நான் முட்டாள் மாதிரி நம்பிட்டேன்னு சொல்லணுமா? அந்த மூஞ்சியை எங்கே வெச்சுக்கிட்டு நான் அங்கே நடமாடறது?"

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவமானம் தாங்காமல் ஒரு பச்சைப் பிள்ளையின் கையில் குத்தப் போகிறார், இந்த மனுஷர். வலிக்கும் என்று சொல்லிவிட்டுக் குத்துகிறவர். மறுபடி தவறினால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, இவருக்கு என்ன ஆகுமோ. அதற்கப்புறம் மேல்மாடி டாக்டராலும் இவரை மீட்க முடியாது என்று தோன்றியது. சாயங்காலம் வரைக்கும் மன்றாடினேன், அதட்டினேன், அழுதும் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையைக் கதவில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த மூன்று பேரும் வந்தார்கள். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். பாவம் பார்த்துப் பாவம் பார்த்து மனுஷரை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள் தெரியுமா என்றேன். நீங்கள் விளையாட்டு காட்டிக்கொண்டிருந்த இத்தனை நாளில் அவர் டாக்டரிடம் போயிருப்பார், பாதி குணமாகியிருக்கும் என்றேன். பெரியவர் என்றும் பார்க்காமல் வாத்தியாரை, பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து மார்க் வராவிட்டாலும் பாஸ் போட்டுத்தான் பழக்கமோ என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பிதான் மெல்லச் சொன்னான்.

"அக்கா, நீ பார்க்கல. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு டீயைக் கையில வெச்சுட்டு மாமா அழுதார். எல்லாரும் சிரிச்சுட்டிருந்தாங்க, அவர் அழுதுட்டிருந்தார். அதுக்கப்புறமும் எப்படிக்கா தோக்கடிக்கறது?"

"அதுக்குப் பொய்யா சொல்லுவீங்க?" என்றேன். "நாளைக்குப் பிள்ளை கையில ஊசி வைக்கிறப்ப, அங்கே யாருடா எடுத்துக்கோன்னு சொல்லுவா?"

உள்ளே வாருங்கள் என்று இவர் குரல் வந்தது. வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு டீ போட்டேன். வந்தவர்களைத் திட்டினாலும் டீ கொடுக்காமல் அனுப்ப முடியுமா. தட்டில் வைத்துக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். உங்களை நண்பர்கள் என்று நினைத்தேனே என்று இன்னும் முடிக்காமல் பேசிக்கொண்டுதான் கொடுத்தேன்.

இவர் தன் டம்ளரைப் பார்த்தார். பிரேக்கின் டம்ளரைப் பார்த்தார். வாத்தியாருடையதைப் பார்த்தார். மறுபடி தன்னுடையதைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் ஏன் பாதி?"

"சூடா இருக்கேன்னு..." என்று ஆரம்பித்தேன். மற்றவர்களுடையதும் அதே பாத்திரத்து டீதானே.

"நீயுமா?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அப்படிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தச் சின்னப் பெண்ணின் கையில் நரம்பு கிடைக்காத வாரத்திலிருந்தே அவர் டம்ளரில் பாதிதான் ஊற்றுகிறேன். ததும்பினால் கொட்டிவிடும், கொட்டினால் அவர் முகம் வாடும். முதலில் யோசித்துச் செய்தேன், பிறகு கை தானாகச் செய்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் போட்டது, எல்லாம் அப்படித்தான். மேல்மாடி டாக்டரிடம் போகச் சொல்லி ஒரே ஒரு தடவை சொன்னேன். முகம் சுருங்கியதும் விட்டுவிட்டேன். பந்துகளைக் கொட்டிக் கை வந்துடுச்சு என்றபோது, எங்கே ஒரு டம்ளர் நிறைய டீயை எடுங்கள் பார்க்கலாம் என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. வராது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, வாசலில் நின்று அந்த மூன்று பேரையும் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தம்பி என்னைப் பார்த்துவிட்டு உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவனாவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"ரொப்பு," என்றார்.

பாத்திரத்தைக் கொண்டுவந்து ஊற்றினேன். நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். அவர் டம்ளரை எடுத்தார். எடுத்த உடனே ததும்பி விரலில் வழிந்தது. வேட்டியில் கொட்டியது, தரையில் கொட்டியது. சூடு தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை. வாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் பாதிதான் இருந்தது. அதைக் குடித்து முடித்தார். பிரேக்கின் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு போனை எடுத்தார். தலைமை சிஸ்டருக்குத்தான். நாங்கள் எழுந்து வெளியே போகப் பார்த்தோம். உட்காருங்கள் என்று சைகை காட்டினார்.

"சிஸ்டர், நான்தான் பேசறேன். நாளைக்கு அந்த ரூம்ல என்னைப் போடாதீங்க. கை வரல. வந்துடுச்சுன்னு சொன்னேன் இல்ல, அது தப்பு. விளையாட்டுல எல்லாரும் விட்டுக்கொடுத்திருக்காங்க. எனக்குத் தெரியல."

முகம் காதுவரை சிவந்திருந்தது.

"மேல டாக்டர்கிட்ட ஒரு நேரம் வாங்கித் தருவீங்களா? நானே கேட்டிருக்கணும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் சரி, சரி என்று மட்டும் சொன்னார். போனை வைத்தார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. சொல்கிற யோக்கியதை எங்கள் ஒருத்தருக்கும் இல்லை.

தரையில் டீ ஓடி வாத்தியாரின் கால் வரைக்கும் வந்துவிட்டது. நான் அடுப்படித் துணியை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தேன். இவர் கையை நீட்டி அந்தத் துணியைக் கேட்டார்.

"நானே துடைக்கிறேன்."

கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் மண்டிபோட்டுத் துடைக்க ஆரம்பித்தார். கை நிலையாக நிற்கவில்லை. துடைத்த இடத்திலேயே மறுபடி ஈரம் இழுபட்டது. தம்பி எழுந்திருக்கப் போனான். நான் அவன் முழங்காலைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்புறம் என் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவர் துடைத்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.